பேங்க்னா ஏமாத்தாதுன்னு யார் சொன்னது?

தினேஷ்,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்திருப்பாய். தீரவில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் வைத்தேன். இன்று கெஸ்ட் ஹவுஸில் இரண்டு அறை காலியாகிவிட்டது. போர்வைகளை மெஷினில் போட்டுவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் அறையில் இருக்கிற மற்ற பசங்களும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டு மறைத்ததால்தான் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருக்கிறது.

நீ என்ன சொன்னாய்? சென்னைக்குப் போய் இன்னும் ஒரு வாரம் முழுசாக ஆகவில்லை. அதற்குள் காலேஜ் கேட்டுக்கு உள்ளேயே குடை நட்டு மேஜை போட்டு ஏதோ ஒரு பேங்க் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கணக்கு தொடங்கினால் ஒரு பையும் இயர்போனும் இலவசம், சலுகை இன்னும் ஒரு நாள்தான், விரலால் கையெழுத்துப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது என்றாய். "எல்லாரும் போட்டுட்டாங்கம்மா, நானும் போட்டுடட்டுமா?" என்று கேட்டாய். கொஞ்சம் விசாரித்துச் செய்யேன் என்றேன். அதற்கு நீ சிரித்துக்கொண்டே, "அப்பா மாதிரி கண்ட கம்பெனியில போயி ஏமாறதுக்கு நான் இன்னா கேனையா? இது பேங்க்கும்மா" என்றாய்.

அந்த வார்த்தைதான். அதை உன் வாயில் வைத்தவள் நான். அதனால் இப்போது நானே எடுக்க வேண்டும்.

உன் அப்பா ஒரு தடவை ஏமாந்தது உண்மை. நீ எட்டாவது படிக்கும்போது ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் சேர்ந்தார்கள் என்று அவரும் ஒரு சீட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டருக்குப் பூட்டு. போர்டைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்காக நான் அவரை எத்தனை வருஷம் குத்திக் காட்டினேன் என்பதை நீயே கேட்டிருக்கிறாய். குழம்பில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால்கூட, "சீட்டு கட்டின காசுல வாங்கிப் போடுங்க" என்பேன். ஆனால் இரண்டாவது தடவை, உன் காலேஜ் காசு போனதே, அப்போது அவர் ஏமாறவில்லை. ஏமாந்தது நான். அதுவும் கண்ட கம்பெனியில் இல்லை. பேங்க்கில். நீ இன்று நம்பிப் போகிற மாதிரி கண்ணாடிக் கதவு வைத்து, ஏசி போட்டு, வாசலில் செக்யூரிட்டி நிற்கிற பேங்க்கில்.

கீழ்பென்னாத்தூரில் தாத்தாவின் கடலை விளைந்த நிலத்தை, அந்த மல்லாட்டைக் கொல்லையை, விற்றபோது என் பங்காக மாமா இரண்டு லட்சம் கொடுத்தது உனக்குத் தெரியும். அது உன் படிப்புக்கு என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நம் பழைய பேங்க்கிலேயே போட்டிருக்கலாம். ஆனால் அங்கே நான் பட்டதை நீ பார்த்ததில்லை. பத்து வருஷமாக அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். சலானில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காகிதம் பறந்து வரும். "எழுதத் தெரியாதா? தெரிஞ்சவங்கள கூட்டினு வா. அடுத்தது யாரு?" என்று எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்ப்பார்கள். உட்கார் என்று ஒரு நாளும் ஒருவரும் சொன்னதில்லை. புதுப் பேங்க்கில் நான் உள்ளே போனதுமே டை கட்டின ஓர் ஆபீசர் எழுந்து நின்றான். "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்றான். தண்ணீர் வந்தது. காபி வந்தது. பையனுக்கு என்ன வயசு, என்ன படிக்கப் போகிறான் என்றெல்லாம் கேட்டான். தினேஷ், என்னை உட்காரச் சொன்னதற்கே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எத்தனை இடத்தில் போட்டேன் என்று எண்ணவில்லை. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் போட்டேன். பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. "அதெல்லாம் நான் ஃபில் பண்ணிக்கிறேன்கா, உங்களுக்கு ஏன் சிரமம்" என்றான். பிக்சட் டெபாசிட்தானே என்று கேட்டேன். "டெபாசிட் மாதிரிதான்கா, அத விட ஜாஸ்தி வரும். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்றான். மாதிரி என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அன்று உன் அப்பா ஆட்டோவோடு வெளியே காத்திருந்தார். வண்டியில் ஏறியதும், "ஒருத்தர் கிட்ட காட்டிட்டு போட்டிருக்கலாமே" என்றார். நான் சொன்ன பதில் உனக்குப் புதிதாக இருக்காது. "நீங்க சொல்ற ஆளா?" என்றேன். அவர் வண்டியை எடுத்தார். ஒரு மாசம் கழித்து தடிமனான கவர் வந்தது, முழுக்க இங்கிலீஷ். டெபாசிட் பத்திரம் என்று அதைப் பீரோவில் உன் மார்க் ஷீட்டுக்கு மேல் வைத்துப் பூட்டினேன். பிரித்துப் படிக்கவில்லை. தினமும் கெஸ்ட் ஹவுஸ் ரிஜிஸ்டரில் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட் நம்பரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுகிறவள் நான். என் சொந்தக் காசுக்கு வந்த காகிதத்தைப் படிக்கவில்லை.

அடுத்த வருஷம் உனக்கு பார்மசி சீட் கிடைத்தது. பத்து நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். நான் அந்தக் கவரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பேங்க்குக்குப் போனேன். ஆபீசர் இல்லை. கவுண்டரில் ஒரு பொண்ணு இருந்தாள், புதிதாக வேலைக்கு வந்தவள். அவள் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, இது டெபாசிட் இல்ல. இன்சூரன்ஸ் பாலிசி. வருஷா வருஷம் ரெண்டு லட்சம், அஞ்சு வருஷம் கட்டணும். இந்த வருஷத்து தவணை தேதியே போயிடுச்சு" என்றாள். கட்டாவிட்டால் என்ன என்றேன். "கட்டின காசு வராதுக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். வருஷத்துக்கு இரண்டு லட்சம்! அறை பெருக்கிப் போர்வை துவைக்கிற நானும் ஆட்டோ ஓட்டுகிற உன் அப்பாவும் அதை எங்கிருந்து கொண்டுவருவோம்? அதை எழுதினவனுக்கு இது தெரியாதா? காபி கொடுத்துக்கொண்டே குடும்பக் கதை முழுக்கக் கேட்டானே, எல்லாம் தெரிந்துதானே எழுதினான்?

மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானேமா?" என்றார். ஆமாம் என்றேன். "பிடிக்கலன்னா முப்பது நாளுக்குள்ள திருப்பிக் குடுத்திருக்கணும். மேல, இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து போன் பண்ணி உங்ககிட்ட கேட்டிருப்பாங்க. நீங்க சரின்னு சொல்லாம பாலிசியே வராது." எனக்கு யாரும் போன் பண்ணவில்லை என்றேன். "மறந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். படித்த மனுஷன். என்னைப் பொய்க்காரி என்றுகூட அவர் சொல்லவில்லை, மறதிக்காரி ஆக்கினார். அன்று கிடைத்த அவமானத்துக்குப் பக்கத்தில் பழைய பேங்க்கில் பறந்து வந்த சலான் ஒன்றுமே இல்லை.

அந்தப் பத்து நாளும் அலைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடன் கேட்டுப் பார்த்தோம், அவ்வளவு சீக்கிரத்தில் கிடைக்கவில்லை. கடைசித் தேதி போய்விட்டது. நீ மொபைல் கடையில் வேலைக்குச் சேர்கிறேன் என்று சொல்லி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாயே, "கொல்ல வித்த காசு எங்கம்மா?" என்று? அதற்கு முந்தின நாள் நான் உன் அப்பாவிடம் அழுதேன். பையன் கேட்டால் என்ன சொல்வேன், வருஷக்கணக்காக உங்களைப் பேசின வாயால் எப்படிச் சொல்வேன் என்றேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. எனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது அது. "என் பேரச் சொல்லிடு. நான் ஏற்கெனவே ஏமாந்தவன்தானே, அவனுக்கு புதுசா இருக்காது. உன்னையாவது நம்பட்டும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் நீ கேட்டதும், "உங்கப்பாதான் இன்னொரு கம்பெனியில கொண்டுபோய் போட்டுட்டாரு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! நீயும் ஒரு நொடி யோசிக்காமல் நம்பினாய். அன்றிலிருந்து நீ அவரோடு பேசுவதைக் குறைத்தாய், பிறகு நிறுத்தினாய். அவர் தட்டு வைத்தால் நீ கை கழுவப் போவாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியவே தெரியாது. கவுண்டரில் இருந்த அந்தப் பொண்ணு ஒரு நாள் நான் வெளியே வரும்போது தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்னால் வந்தாள். "அக்கா, வாயால கேக்காதீங்க. எழுதிக் குடுங்க. நீங்க கையெழுத்து போட்ட அப்ளிகேஷனோட காப்பி வேணும்னு எழுதுங்க. குடுத்ததுக்கு சீல் போட்டு வாங்கிக்குங்க" என்று மடமடவென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தமிழில் எழுதிக்கொண்டு போனேன். இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வா என்றார்கள். "தமிழ்நாட்டுல பேங்க் வெச்சிருக்கீங்க, என் காச தமிழ்ல பேசித்தானே வாங்கினீங்க" என்று கத்தினேன். நான் பொது இடத்தில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சீல் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வாரம் நடக்க விட்டு, காப்பியும் கொடுத்தார்கள்.

அதை வீட்டில் விரித்து வைத்து நானும் அப்பாவும் படித்தோம். பெயர், தொழில், போன் நம்பர், எல்லாம் கெஸ்ட் ஹவுஸ் ரிஜிஸ்டரில் நான் பார்க்கிற அதே இங்கிலீஷ் வார்த்தைகள்தான். ஒன்றும் பிரமாதமில்லை. நான் பட்டதாரி என்று இருந்தது. சொந்த வியாபாரம், வருஷ வருமானம் எட்டு லட்சம். "நீ எப்ப டிகிரி முடிச்ச, என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று உன் அப்பா கேட்டார். இரண்டு மாசத்தில் அன்றுதான் நான் சிரித்தேன். பிறகு அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. "இது உன் நம்பர் இல்லையே" என்றார். சவாரிக்காரர்கள் நம்பரையெல்லாம் மனசிலேயே வைத்திருக்கிற மனுஷன் அவர். பார்த்தேன். என் நம்பர் இல்லை. அவர் நம்பரும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. மேலேயிருந்து போன் வந்திருக்கிறது. அது எனக்கு வரவில்லை.

மறுநாள் பௌர்ணமி. ஆட்டோக்காரனுக்கு மாசத்தில் அந்த ஒரு நாள் எவ்வளவு முக்கியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரிவலக் கூட்டம் காலையிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். மேனேஜர் அறையில் மறுபடியும் அதே பேச்சு. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சார், இதுல இருக்கிற நம்பர் யாருதுன்னு ஒரு தரம் பாத்துடலாமா?" என்று தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார். இரண்டு நொடி. பக்கத்துக் கண்ணாடி அறையில் போன் அடித்தது. அந்த ஆபீசர் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தான், அவர் முன்னால் காபி இருந்தது. அவன் போனை எடுத்து, "ஹலோ, யாரு?" என்றான். அந்தக் குரல் எங்களுக்கு அப்பாவின் போனிலும் கேட்டது, கண்ணாடி வழியாகவும் கேட்டது. அப்பா போனை மேனேஜர் பக்கம் நீட்டினார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

கதவைச் சாத்தினார்கள். காபி சொல்லட்டுமா என்றார்கள். "இத பெருசு பண்ணாதீங்க, நம்ம பிராஞ்ச் பேர் கெட்டுடும்" என்றார் மேனேஜர். அதற்கு உன் அப்பா சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "காபி வேணாம் சார். காசு குடுத்துடுவீங்க, தெரியும். எம் பையனுக்கு ஒரு வருஷம் போயிடுச்சே, அத எந்த கவுண்டர்ல கேக்கட்டும்?" என்றார். கத்தவில்லை. அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் அப்பா நேராகப் பக்கத்து அறைக்குப் போய், அந்தப் பெரியவரிடம், "ஐயா, படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். பெரியவர் பேனாவைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன்.

ஒன்றரை மாசத்தில் இரண்டு லட்சமும் திரும்பி வந்தது. இந்த வருஷம் நீ கட்டின பணம் அதுதான். மாமா கடன் கொடுத்தார் என்று நான் சொன்னது இன்னொரு பொய், அவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்த ஆபீசரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அங்கேயும் யாராவது ஓர் அக்காவை உட்காரச் சொல்லிக்கொண்டிருப்பான். எனக்கு வழி சொன்ன அந்தப் பொண்ணையும் மாற்றிவிட்டார்கள், எங்கே என்று கேட்டால் சொல்ல மறுத்தார்கள். தப்பு செய்தவனுக்கும் நல்லது செய்தவளுக்கும் ஒரே தண்டனை. இதற்கு எரியாத வயிறும் ஒரு வயிறா?

ஆகவே, உன் கேட்டில் குடை நட்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி நான் சொல்கிறேன், கேள். எல்லா பேங்க்கும் திருட்டு பேங்க் என்று சொல்ல வரவில்லை. கணக்கு இல்லாமல் உனக்கு ஸ்காலர்ஷிப் வராது, நான் பணம் அனுப்ப முடியாது. ஆனால் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்த முதல் வாரத்தில், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற நேரத்தில், இயர்போனை நீட்டி இன்றே இன்றே என்று அவசரப்படுத்துகிறவனுக்கு உன் நல்லது முக்கியமில்லை. அவனுக்கு இத்தனை கணக்கு பிடி என்று மேலே ஒருத்தன் கழுத்தைப் பிடித்திருக்கிறான். அது அவன் கஷ்டம். நீ ஏன் அதைத் தீர்க்க வேண்டும்? கணக்கில் குறைந்தபட்சம் எவ்வளவு வைத்திருக்க வேண்டும், வைக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பாய், ஏடிஎம் கார்டுக்கு வருஷம் எவ்வளவு, மெசேஜுக்கு எவ்வளவு என்று கேள். மாணவர்களுக்கு ஒன்றும் வைக்கத் தேவையில்லாத கணக்கு உண்டா என்று கேள். வாயால் சொன்னால் போதாது, எழுதினதைக் காட்டு என்று சொல். நான்கு கேள்விக்கு மேல் அவன் முகம் சுளித்தால் அந்தப் பேங்க் உனக்கு வேண்டாம். ஹாஸ்டலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிளை இருக்கட்டும். ஆப்பில் ஆயிரம் இருக்கலாம், பிரச்சினை வந்தால் ஒரு மனுஷ முகத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், எங்களுக்குக் காசு திரும்பினது அப்படித்தான்.

ஃபாரத்தில் உன் போன் நம்பரை நீயே எழுது, எழுதினதை இன்னொரு தடவை பார். காலியான கட்டம் இருந்தால் கோடு போடு. கூடவே இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு என்று எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல், ஏன் வேண்டாம் என்று விளக்கிக்கொண்டு நிற்காதே. இன்னொன்று. உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, அதில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் தருகிறேன் என்று சீனியர் யாராவது கேட்டால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் எழுந்து வந்துவிடு. அதில் மாட்டுகிறவன் அவன் இல்லை, நீதான். நம் பழைய பேங்க் சென்னையிலும் இருக்கிறது. அங்கே உன் மேலும் சலான் பறக்கலாம். பறக்கட்டும். மரியாதையாகப் பேசு என்று அவர்களிடம் சொல்லக் கற்றுக்கொள். அதை நான் கற்றுக்கொள்ளப் பத்து வருஷம் ஆனது. உட்காரச் சொல்லாத இடத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார், யாரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள்.

என் மேல் கோபம் வரும். வரட்டும். ஒரு வருஷம் உன்னைக் கடையில் நிற்க வைத்ததற்கு அந்த பேங்க் காரணம். ஒரு வருஷம் உன் அப்பாவை உனக்கு இல்லாமல் செய்ததற்கு நான் மட்டும்தான் காரணம். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் உன் பெட்டியை மேலே ஏற்றியது அவர். நீ என்னிடம் மட்டும் "வரேம்மா" என்றாய். பஸ் திரும்பிப் போகிற வரைக்கும் அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நீ அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தாய். அப்போதே எனக்குச் சொல்ல வாய் வந்திருக்க வேண்டும்.

பேங்க் திங்கட்கிழமையும் இருக்கும், அடுத்த மாசமும் இருக்கும். அதற்கு அவசரமில்லை. அப்பாவுக்கு இன்றைக்கே போன் பண்ணு. நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. மூன்று மணிக்கு மேல் ஸ்டாண்டில் சவாரி கம்மி, உடனே எடுப்பார். எடுத்ததும், பழக்கத்தில், "நான் ஸ்டாண்டுல இருக்கேன்ப்பா, வீட்டுக்கு போனதும் அம்மாவ பேசச் சொல்லட்டுமா?" என்றுதான் கேட்பார்.

வேணாம்ப்பா, உங்க கிட்டதான் பேசணும் என்று சொல்.

அம்மா